யேல் பல்கலைக்கழகத்தின் கணக்கு எழும்பூரில் இருக்கிறது
பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. தொடக்ககாலத் தலைவர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்ததை ஒப்புக்கொண்டு, அப்படி அடிமைப்பட்ட 200 பேருக்கு மேல் அடையாளமும் கண்டிருக்கிறது. இதில் நாம் செய்யவேண்டிய பங்கு பாக்கி இருக்கிறது.

எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநர். பின்னாளில் யேல் பல்கலைக்கழகமான கல்லூரிக்கு 1718-ல் அவர் அனுப்பிய 9 பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. கூடவே 417 புத்தகங்கள். அதற்குத்தான் கல்லூரிக்கு அவர் பெயர். அவர் செல்வம் சேர்த்தது சென்னையில். அவர் தலைமையில் நடந்த ஆலோசனைக் கூட்டங்களின் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அச்சிட்ட தொகுதிகளும் உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் போய்விடலாம்.

படிக்கும்போது தேதியில் கவனம் வேண்டும். அன்றைய ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறப்பது மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரிக் குறிப்பில் 1687/8 என்று இருந்தால் அது நமக்கு 1688. இதைத் தவறவிட்டால் எந்த உத்தரவு முந்தியது என்பதே தலைகீழாகிவிடும். யேல் பெயரை மட்டும் தேடாதீர்கள். முடிவுகள் ஆளுநரின் ஆலோசனைச் சபையின் பெயரில்தான் வரும். ஆளுநராகும் முன்பே அவர் அதில் உறுப்பினர். அன்று யார் யார் வந்திருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகள் ஏற வேண்டும் என்பது 1687-ன் உத்தரவு. இன்னொரு குறிப்பு: கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 40 இளம் அடிமைகளை வாங்கி, கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய மசூலா படகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பேராகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். படகுத் தலைவனுக்குச் சிவப்புக் கம்பளி அங்கி; அதன் முதுகுப் பக்கத்தில் கம்பெனி முத்திரையைப் பட்டு நூலில் தைக்க வேண்டும். அங்கியின் நிறம்வரை எழுதியவர்கள் அந்த நாற்பது பேரில் ஒருவர் பெயரைக்கூட எழுதவில்லை.

அடிமைகளை வாங்கிக் கப்பலில் அனுப்புவதற்கு 1688 மே மாதம் சபை போட்ட தடையைக் கருணை என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளைத் திருடி விற்கிறார்கள் என்பதோடு, வரி வருமானம் குறைந்தது, முகலாய அரசு கண்டிப்பாக இருக்கும் என்ற காரணங்களையும் அந்தக் குறிப்பே சொல்கிறது.

இதே கண்ணோடு நம் மாவட்டத்துப் பழைய கல்வி நிலையங்களையும் பார்க்க வேண்டும். நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற நாடு இது. அடிமை முறைக்கான சட்டபூர்வ ஆதரவை நீக்கிய 5-ஆம் சட்டம் வந்தது 1843-ல்தான். நன்கொடை நிலம் யார் கையிலிருந்து வந்தது என்று அதற்கு முந்தைய பத்திரங்கள்வரை போங்கள். எல்லை, வாய்க்கால், பனை என்று நீளும் வரிசையில் ஆட்களும் இருக்கிறார்களா என்று பாருங்கள்.