ஐந்தாவது கியரும் முப்பந்தல் காற்றும்

அப்பாவின் 1967ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 காருக்கு வலுவான ஐந்து கியர்ப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. பழைய காரை நாற்கரச் சாலையில் ஓட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எங்கெங்கே தவறாக எண்ணினேன் என்பதையும் சேர்த்தே இங்கே எழுதி வைக்கிறேன்.

காரின் சொந்த எஞ்சின் 1489 சிசி பி.எம்.சி. பி-சீரிஸ். அதன் பிளாக் வெடித்துவிட்டதால், 1999இல் அப்பா கான்டெஸா காரிலிருந்து எடுத்த 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். அந்த எஞ்சினோடு ஐந்து கியர்ப் பெட்டியும் கிடைத்திருக்கும். ஆனால் அப்பா அதை வேண்டாம் என்றுவிட்டார். ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் கியர் லீவரை அவர் விடச் சம்மதிக்கவில்லை. முன் சீட்டில் அம்மாவும் நானும் அப்பாவுமாக மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து குற்றாலம் போய் வந்த வண்டி அது. தரையில் ஒரு லீவர் முளைத்தால் நடுவில் இருப்பவர் கால் வைக்க இடமிருக்காது. ஆகவே ஒரு பட்டறையில் இரும்புத் தகடு ஒன்றை அறுத்துத் துளையிட்டு, அதை இடையில் வைத்து, இசுசு எஞ்சினுக்குப் பின்னால் பழைய நான்கு கியர்ப் பெட்டியையே மாட்டிக் கொடுத்தார்கள்.

அந்தப் பெட்டி இருமுறை போயிற்று. முதல் முறை பணகுடி அருகே, இரண்டாவது முறை தென்காசி தாண்டிச் செங்கோட்டைச் சாலையில். இரண்டு முறையும் ஒரே மாதிரியான முன்னறிகுறி: டாப் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது லீவர் தானாக நியூட்ரலுக்கு நழுவும், சில வாரங்களில் முன்பக்கம் உறுமல் கேட்கும், பிறகு ஒருநாள் பல்லுடையும். பெரிய எஞ்சினைத் தாங்கச் சிறிய பெட்டிக்கு வலுப் போதவில்லை என்றுதான் நானும் நினைத்தேன், பார்த்தவர்களும் சொன்னார்கள்.

வலுவான பெட்டி என்று தேடத் தொடங்கியதும் முதலில் பேசியது அமெரிக்காவில் இருக்கும் அத்தானிடம். அவர் 1960களின் செவர்லே கார் ஒன்றை எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சினோடு வைத்திருக்கிறார். "மாப்ள, டி-5 போடு, இல்லாட்டி ட்ரெமெக் டிகேஎக்ஸ் போடு, ரெண்டுமே உன் எஞ்சினுக்கு அசையாது" என்றார். இரண்டும் ஐந்து கியர்ப் பெட்டிகள். வலுவைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. டிகேஎக்ஸ் 2020இல் வெளிவந்தது; 600 பவுண்ட்-அடி, அதாவது ஏறக்குறைய 813 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். 1980களில் மஸ்டாங் கார்களில் வந்த டி-5 பெட்டியின் பிற்கால வகைகள் 300 பவுண்ட்-அடி தாங்கும். என் எஞ்சின் அதில் பாதியைக்கூட எட்டாது. ஆனால் முறுக்கு விசை எண்ணை மட்டும் பார்த்துப் பெட்டி வாங்குவது, மாட்டின் கொம்பை மட்டும் பார்த்து உழவு மாடு வாங்குவது போன்றது என்பது கணக்குப் போட்ட பிறகே எனக்குப் புரிந்தது.

அந்தக் கணக்கை யாரும் வீட்டிலேயே போடலாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சிமென்ட் தரையிலும் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி அளந்தேன்: 204 செ.மீ. பிறகு ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றதற்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சக்கரத்தை இருபது சுற்றுச் சுற்றினேன். கீழே படுத்திருந்த என் மகன், கியர்ப் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் கட்டிய சிவப்பு நூலைப் பார்த்து எண்ணினான். நாற்பத்தைந்தரைச் சுற்று வந்தது. ஒரு சக்கரம் நிற்க மற்றது சுற்றும்போது, இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அதைப் பாதியாக்கிவிடும் என்பதால், இருபது சுற்றைப் பத்தாகக் கொள்ள வேண்டும். ஆக, ஆக்சில் விகிதம் 4.55; அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.55 சுற்றுச் சுற்ற வேண்டும். இதன்படி, டாப் கியர் நேரடியாக ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும் என் காரில், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,970 சுற்றும், 90இல் 3,350 சுற்றும் ஓடுகிறது. நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் வரை அந்த இரைச்சலோடு போனால், காரில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சினைக் குறைவாகச் சுற்றவிடும் கியர், வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

இப்போது மஸ்டாங்குக்கான டி-5 பெட்டிகளில் சிலவற்றில் ஐந்தாவது கியர் 0.63. அதை என் ஆக்சிலோடு பெருக்கினால் 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 1,870 சுற்றுக்கு இறங்கிவிடும். வி-8 எஞ்சினுக்கு அது தாலாட்டு. நாலு சிலிண்டர் எஞ்சினுக்கோ, ஆனி ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றை முப்பந்தலில் நெற்றியில் வாங்கிக்கொண்டு அந்தச் சுற்றில் வண்டியை இழுக்க முடியாது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த எஞ்சின் திணறுமே தவிர வேகம் கூடாது. ஓவர்டிரைவ் எவ்வளவு ஆழமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்கள், அந்தக் காற்றாலைகளுக்கு நடுவே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் யோசனை வேறு மாதிரி இருந்தது. ஜீப், வேன் பெட்டிகளைப் போடச் சொன்னார்கள். அவை பாரம் இழுக்கப் பிறந்தவை, வலுவில் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் கையால் சுற்றிப் பார்த்த ஒன்றில் முதல் கியர் நாலேகாலுக்கு ஒன்று. என் ஆக்சிலோடு சேர்ந்தால் பத்தொன்பது மடங்குக்கும் மேல். வண்டி நகர்ந்த மறுகணமே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதோடு, அந்தப் பெருக்கம் முழுவதும் பின்னால் இருக்கும் ஆக்சில் ஷாஃப்டுகளின் மேல் விழும். பெட்டியை மட்டும் வலுவாக்கினால், உடையும் இடம் அதற்கு அடுத்த உறுப்புக்கு நகர்ந்துவிடும்.

இந்தக் குழப்பத்தோடுதான் பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. உடைந்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மண்ணெண்ணெயில் கழுவி, பெட்டிக்குள் இருக்கும் துணைத் தண்டான லே ஷாஃப்டை வெயிலில் நீட்டிப் பிடித்துக் காட்டினார். பற்களின் ஓர் ஓரம் மட்டும் கண்ணாடி போல் மழுங்கியிருந்தது. மறு ஓரத்தில் கடைசல் கோடுகூட அழியவில்லை. முன் பேரிங்கின் குண்டுகள் ஓடும் தடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிறகு காருக்கடியில் படுத்து, எஞ்சினின் ஃபிளைவீலில், நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜைக் கட்டி, அதன் முனையைத் தகட்டின் நடுத்துளை விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றினார். முள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் 0.6 மி.மீ. நகர்ந்தது. அப்படியென்றால் எஞ்சினின் மையத்துக்கும் பெட்டியின் மையத்துக்கும் 0.3 மி.மீ. விலகல். இத்தகைய பெட்டிகளைப் பொருத்துபவர்கள் பொதுவாக அனுமதிப்பது 0.13 மி.மீ. அளவுதான்.

"தம்பி, பெட்டி வலுவில்லாம உடையல. கோணலா மாட்டுனதால உடஞ்சிருக்கு. இதே தகட்டுல நீங்க எம்புட்டுப் பெரிய பெட்டியக் கொண்டாந்து கட்டுனாலும், கொஞ்ச நாள் கழிச்சு இதே மாதிரிதான் எங்கிட்ட வரும்" என்றார் அவர்.

இருபது ஆண்டுகளாக நாங்கள் பழி சொல்லிக்கொண்டிருந்த பெட்டி, உண்மையில் தன் சக்திக்கு மேல் பொறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. டாப் கியர் தானாக விடுபட்டதும் அந்த விலகலின் அடையாளமே. தேர்வு அதன்பின் எளிதாயிற்று: இடையில் தகடே தேவைப்படாத, இந்த எஞ்சினுக்கென்றே வார்க்கப்பட்ட பெட்டி வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வந்த அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட் காரில் இதே 1817 சிசி இசுசு எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் இருந்தன. உடைப்புக்கு வந்த ஒரு வண்டியிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கினேன். முன் ஷாஃப்டைப் பத்துச் சுற்றுச் சுற்றினால் ஐந்தாவது கியரில் பின்முனை பதினொன்றரைக்குச் சற்று மேல் சுற்றியது; அதாவது 0.86. என் காரில் 90 கி.மீ. வேகத்துக்கு 2,880 சுற்று. முதல் கியர் மூன்றரைக்குப் பக்கம், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ அதிலும் உண்டு; பழைய பெட்டியின் முதல் கியருக்கு அது கிடையாது.

சிங்க்ரோவின் பித்தளை ரிங்குகளையும் பேரிங்குகளையும் புதிதாகப் போட்டோம். புரொப்பல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டிப் பற்றவைத்து பேலன்ஸ் செய்ய மதுரை வரை போக வேண்டியிருந்தது. எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: ஆக்சிலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ரக எண்ணெயைப் பெட்டிக்கும் ஊற்றுவது பலரிடம் வழக்கமாக இருக்கிறது. அதில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். ஆகையால் ஜிஎல்-4 தான் ஊற்றினேன்.

தரையில் துளை போட்ட அன்று அம்மா பட்டறைக்கு வந்திருந்தார். லீவர் வரும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா இருந்தா விட்டிருக்க மாட்டாவ. ஆனா நடுவழில நிக்கதுக்கு இது தேவல" என்றார். ஸ்டீயரிங் லீவரையும் அதன் கம்பிகளையும் கழற்றி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி மச்சில் வைத்திருக்கிறேன்.

ஆடியில் நாகர்கோவிலுக்கு ஓட்டிப் பார்த்தேன். வள்ளியூர் வரை ஐந்தாவது கியரில் வண்டி அமைதியாகப் போயிற்று. பின்சீட்டில் அம்மா பேசியது முழுக்கக் கேட்டது. பணகுடி தாண்டி மரங்கள் சாயத் தொடங்கியதும் நான்காவதுக்கு இறக்கினேன். நான்காவதில் விசை நேராகப் போகிறது. ஐந்தாவதில் அது லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றி வருவதால், ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் அதை இழுக்கவிட்டால் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் வீண் பாரம். காவல்கிணறு முதல் ஆரல்வாய்மொழி வரை நான்காவதிலேயே போய், மலையின் மறைவு கிடைத்த பிறகு மீண்டும் ஐந்தாவது போட்டேன்.

500 கி.மீ. ஆனதும் எண்ணெயை வடித்துப் பார்த்தோம். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் விபூதி போல் மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் இருந்தது. அண்ணாச்சி அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார், ஒரு துணுக்கும் உறுத்தவில்லை. ஸ்பீடோமீட்டர்தான் இன்னும் சரியில்லை. முள் 80 காட்டும்போது ஃபோனில் 73 தான் வருகிறது. கேபிளைச் சுழற்றும் சிறு பினியனை வேறு பல் எண்ணிக்கையில் தேடிக்கொண்டிருக்கிறோம்.