இரட்டைக் குழுக்கள்

ஆண்டுத் தொடக்கத்தில் என் மேசைக்கு வரும் வேலைகளில், கேட்பவர்களுக்கு மிகச் சுலபமாகத் தெரிவது இதுதான்: "பட்டியல் அனுப்பியிருக்கேன், மாணவர்களை அந்தந்தக் குழுவில் போட்டுடுங்க."

பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் தளமான மூடுலில் அதற்கு வழி இருக்கிறது. யூசர்நேம், கோர்ஸ்1, குரூப்1 என்று தலைப்பு வரிசை வைத்த ஒரு சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) போதும். ஏற்கெனவே கணக்கு உள்ளவர்கள் என்றால், இருப்பவர்களை மட்டும் புதுப்பிக்கச் சொல்லிப் பதிவேற்றினால், நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே மூச்சில் பாடத்திலும் குழுவிலும் சேர்ந்துவிடுவார்கள். நேரத்தைத் தின்பது பட்டியல்தான்.

பதிவெண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 12 இலக்க எண்ணை 'ஈ' போட்ட சுருக்க வடிவத்துக்கு மாற்றிவிடும். எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். இவையெல்லாம் கண்ணில் படும் கோளாறுகள், பரவாயில்லை.

கண்ணில் படாத ஒன்று உண்டு. கோப்பில் இருக்கும் குழு பாடத்தில் இல்லையென்றால், மூடுல் பிழை காட்டுவதில்லை; அந்தப் பெயரில் புதிதாக ஒரு குழுவை உருவாக்கிவிடுகிறது. உதவி செய்வதாகத்தான் அதற்கு நினைப்பு. ஒரு பட்டியலில் பெரும்பாலோருக்கு 'ஆய்வகம்-2' என்றும் மூன்று பேருக்கு மட்டும் 'ஆய்வகம் 2' என்றும் இருந்தது. எல்லா வரியும் வெற்றி என்றே அறிக்கை வந்தது. அந்தப் பாடத்தில் குழுக்களைத் தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குழுவின் உரையாடல் இன்னொரு குழுவுக்குத் தெரியாது. "மன்றத்தில் யாருமே எழுதுவதில்லையே சார்" என்று அந்த மூவரில் ஒருவர் ஆசிரியரிடம் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மற்ற இருவரும் இதுதான் இயல்பு என்று இருந்திருக்கிறார்கள் போல.

இப்போது எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் குரூப்1 நெடுவரிசையில் வேறுபட்ட பெயர்கள் எத்தனை என்று வடிகட்டிப் பார்க்கிறேன். ஆறு குழு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு வந்தால் கோப்பு திரும்பிப் போகும். பதிவேற்றிய பிறகு பாடத்தின் குழுப் பக்கத்தையும் ஒரு பார்வை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஆள் எண்ணிக்கை இருக்கும். மூன்று என்று ஒன்று தனியாக நின்றால் உடனே தெரிந்துவிடும்.

ஆண்டு முழுக்க மாறாத பிரிவுகளுக்கு இந்தக் கோப்பு வழியே எனக்குப் பிடிப்பதில்லை. கோஹார்ட் ஒன்றை, அதாவது பல பாடங்களுக்கும் பொதுவான ஒரு மாணவர் தொகுதியை உருவாக்கி, பாடங்களில் அதை ஒத்திசைத்து, குழுவையும் அதோடு இணைத்துவிட்டால், தாமதமாகச் சேரும் மாணவரை ஒரே இடத்தில் சேர்த்தால் போதும், எல்லாப் பாடங்களிலும் வந்துவிடுவார். ஆனால் அங்கிருந்து ஒருவரை நீக்கும்போது கவனம் தேவை. செட்டிங்ஸில் அப்படி வைத்திருந்தால், பாடங்களிலிருந்தும் அவர் வெளியேறிவிடுவார். குழுவுக்குக் கடவுச்சொல் போல ஒரு சேர்க்கைச் சாவி கொடுத்து மாணவர்களையே சேரச் சொல்லும் வழியும் உண்டு. சாவி வாட்ஸ்அப்பில் சுற்றி, நண்பர்கள் எல்லாரும் ஒரே குழுவில் குவிவதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு அது ஏற்றது.

அப்புறம், பருவத்தின் நடுவில் "இந்த ரெண்டு பேரை மட்டும் மாத்திடுங்க" என்று வரும். அதற்குக் கோப்பெல்லாம் வேண்டாம், கையாலேயே மாற்றலாம். மாற்றுவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்பேன்: குழுவாகச் சமர்ப்பித்த ஒப்படைப்பு ஏதாவது இருக்கிறதா? சமர்ப்பிப்பு பழைய குழுவோடு நின்றுவிடும், ஆள் மட்டும் புதிய குழுவுக்குப் போவார். இருக்கிறது என்றால், மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை மாற்றத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.