பாதி கிருதாவோடு ஒரு விவாதம்

ஒரு பக்கக் கிருதாவை மட்டும் முடித்துவிட்டு, முடிதிருத்துபவர் தொலைக்காட்சியை முறைத்துக்கொண்டு நின்றார்.

அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீக் பிரிவில் 2024ஆம் ஆண்டின் சிறந்த அறிமுக வீரர், பிட்ஸ்பர்க்கின் பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ். முதலிட வாக்கு முப்பதில் 23. எங்கள் சான் டியேகோவின் ஜாக்சன் மெரிலுக்கு வெறும் 7.

"அவன் ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை பந்து வீசுகிறவன். இவன் 156 ஆட்டம் ஆடியிருக்கிறான்!"

சீப்பு என் காதை உரசியது.

நியாயம்தான். உள்களத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்த பையன், பழகாத வெளிக்கள நடுவில், அதாவது சென்டர் ஃபீல்டில் ஆடிக்கொண்டே 24 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தான்.

ஆனால் ஃபீல்டிங் பிழைகளால் வந்த ரன்களைக் கழித்தால், ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக இரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லையே! 1.96. அன்றாடம் உழைப்பவனையும் அவ்வப்போது வந்து அசத்துபவனையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

என் வாக்கு ஸ்கீன்ஸுக்கே.

மறுபக்கக் கிருதா முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.