அளவு நோட்டு சொல்லும் உடம்பு

"பழைய அளவே போடுக்கா." தையல்காரியிடம் சொல்லப்படும் முதல் பொய் இதுதான்.

சேலத்தில் குகை என்கிற பகுதியில், தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்துக்குள் என் கடை. ஜாக்கெட், சுடிதார், பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் தைக்கிறேன். அளவு நோட்டுகளை மட்டும் நான் தூக்கிப் போடுவதில்லை. பக்கத்துக்கு ஒரு ஆள்; உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கை சுற்று, கழுத்து இறக்கம். கல்யாண ஜாக்கெட்டுக்கு வந்த பெண் வளைகாப்புக்கு வருவாள், பிறகு பிள்ளைக்குக் காது குத்து, அப்புறம் மகள் சடங்கு. ஒவ்வொரு முறையும் பழைய அளவுக்குக் கீழேயே வேறு நிற மையில் புது அளவை எழுதுவேன். அதனால் ஒரு பெண்ணின் இருபது வருஷ உடம்பு ஒரே பக்கத்தில் கிடக்கும்.

நாத்தனார் மகள், எனக்கு மருமகள் முறை, சத்துணவியல் படித்து, ஒரு ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையில்தான் உட்காருவாள். ஒரு நாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவள், "அத்தை, எல்லாருக்கும் ஒரே கதையா இருக்கே" என்றாள். இருக்கத்தான் செய்கிறது. கை சுற்று பத்தரை இன்ச்சில் அப்படியே நிற்கும், சிலருக்கு ஒன்பதரைக்கு இறங்கும். இடுப்பு மட்டும் இருபத்தேழு, முப்பது, முப்பத்து நாலு என்று ஏறிக்கொண்டே போகும். "கையைப் பிடிச்சுத் தைங்க, இடுப்பைப் பிரிச்சு விடுங்க" என்று ஒரே ஜாக்கெட்டுக்கு இரண்டு வேலையும் சொல்லுவார்கள். கைச் சதை குறைகிறது, வயிற்றில் கொழுப்பு சேருகிறது. தராசு இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். அதனால்தான் "கல்யாணத்தப்ப இருந்த 54 கிலோதான் இன்னைக்கும்" என்று அவர்கள் சொல்வது பல நேரம் உண்மையாகவே இருக்கிறது. ஒரு கிலோ துணி என்று மட்டும் சொன்னால் அது பட்டா, பருத்தியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பி.எம்.ஐ. என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் போடுகிறார்களே, அது எடையை (கிலோவில்) உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டரில்) வகுத்த எண். கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற கணித, புள்ளியியல் அறிஞர், 1830-களில். ஒரு கூட்டத்தின் சராசரி மனிதனைப் பற்றி யோசித்தவர். 1972-ல்தான் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். பொதுவாக 25-க்கு மேல் போனால் அதிக எடை என்பார்கள். ஆனால் ஆசியர்களுக்கு அதற்கு முன்பே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன என்று 23-லேயே உஷாராகச் சொல்கிறார்கள். இந்திய மருத்துவர்கள் 2009-ல் 25-ஐயே உடல் பருமன் என்று வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு மருமகள் காட்டிய ஒரு படம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. புனேயின் டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தின் டாக்டர் யுட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். 2004-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்த்தால் இரண்டு பேருமே ஒல்லி. நம்மூரில் "குச்சி மாதிரி இருக்கான், அவனுக்கு எப்படிச் சர்க்கரை வந்துச்சு" என்று ஆச்சரியப்படுவோமே, அதற்கு அந்தப் படத்தில் பதில் இருக்கிறது. தோலுக்கடியில் தொடையிலும் இடுப்பிலும் சேருகிற கொழுப்பை விட, வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிச் சேருவதுதான் கெடுதல்; இன்சுலினை வேலை செய்ய விடாது. சாப்பிட்ட சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்கிற தசையும் குறைவென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே டேப். இது என் இடம் என்பதால் கொஞ்சம் நீட்டி முழக்குகிறேன். ஜாக்கெட்டுக்கு நான் எடுக்கும் இடுப்பளவு மார்புக்குக் கீழே, ஜாக்கெட் முடிகிற இடத்தில். பாவாடைக்கு எடுப்பது நாடா கட்டுகிற இடத்தில். டாக்டர் கேட்கும் இடுப்பு இரண்டும் இல்லை. பக்கவாட்டில் கையை வைத்து, கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது, கீழே இடுப்பெலும்பு எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். பின்பக்கம் டேப் இறங்கிவிடுவதுதான் வழக்கம். மூச்சை இயல்பாக விட்டு முடிக்கிற நேரத்தில் படிக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது (எக்காத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தால் மறந்து விட்டுவிடுவார்கள்). தையலுக்கு விடுகிற இரண்டு விரல் லூஸ் இங்கே கிடையாது, அதே சமயம் சதை பிதுங்கவும் கூடாது. முக்கியமாக, டேப்பையே நம்பாதீர்கள். மலிவான டேப் நாளாக நாளாக இழுபடும். நான் இரும்பு ஸ்கேலை ஒட்டி வைத்துச் சரிபார்த்து, கால் இன்ச் தள்ளினாலே மாற்றிவிடுவேன்.

பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. என் பாஷையில் சொன்னால் முப்பத்தொன்றரை, முப்பத்தைந்தரை இன்ச். அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். டேப் இல்லாத வீட்டுக்கு ஒரு நூல் போதும்: உச்சி முதல் குதிகால் வரை அளந்து, பாதியாக மடித்து, இடுப்பில் சுற்றிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல், கவனிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் காலை ஆறு மணிக்கே ஒரு "நியூட்ரிஷன் கிளப்" திறந்துவிடும். வெறுங்காலோடு ஒரு மெஷினில் ஏறி நிற்கச் சொல்லி, கொழுப்பு 38 சதவீதம், உடம்பின் வயது 61 என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, கையோடு பவுடர் டப்பாவையும் நீட்டுவார்கள். மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். பாதத்தின் வழியாக உணரவே முடியாத அளவு மின்சாரத்தை விடுகிறது. தண்ணீர் நிறைந்த தசையில் அது சுலபமாக ஓடும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. ஆக, அது நேராக அளப்பது கொழுப்பை அல்ல. தண்ணீர் குடிக்காமல் போனால் ஒரு எண், குடித்துவிட்டுப் போனால் ஒரு எண், மாதவிலக்குச் சமயத்தில் வேறு ஒன்று. ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், மாதத்துக்கு ஒரு தடவை ஏறி, ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்ப்பதற்கு உதவும். அதைக் காட்டி 61 வயது என்று நாற்பது வயதுக்காரியை அழவைப்பது வியாபாரம்.

எனக்குப் பிடித்த கணக்கு, மெஷினே வேண்டாத ஒன்று. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். வயது, இடுப்பு, உழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று நாலே கேள்வி. எனக்கே போட்டேன். 35-லிருந்து 49 வயதுக்குள் என்பதால் 20. இடுப்பு முப்பத்து நாலு இன்ச், அதாவது 80-க்கும் 90-க்கும் நடுவில், 10. அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை, 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை, 30. கூட்டினால் 70. அறுபது வந்தாலே அதிக அபாயம்! எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) எடுத்ததில் 5.9 வந்தது, 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலையாம். வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. தினமும் நடந்தால் அந்த 30 என்பது 20 ஆகும். இடுப்பையும் 80-க்குள் கொண்டுவந்தால் மொத்தம் 50. இதில் எனக்கு உறைத்தது மிதிமெஷின்தான். மோட்டார் மாட்டியதிலிருந்து என் கால்களுக்கு வேலையே இல்லை. மோட்டாரைக் கழற்ற மாட்டேன், தீபாவளிக்கு யார் தைப்பது? சாயங்காலம் கடையை மூடிவிட்டு நடக்கிறேன். வழியில் தட்டுவடை செட் வண்டிகள் நிற்கும் தெருவைத் தவிர்த்துவிட்டு.

ஆனால் பெருத்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டு ஆயாவை விட்டுவிடுவோம். ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "இதைப் பிடிச்சுக் குடு சாமி, தொளதொளன்னு இருக்குது" என்றது. ஆறு மாதத்துக்கு முன் நான் தைத்த ஜாக்கெட். கை சுற்றில் மட்டுமே ஒரு இன்ச் போயிருந்தது. "இளைச்சுட்டியே ஆயா" என்றதற்கு, "வயசானா அப்படித்தான்" என்றது. வயதானால் அப்படி இல்லை. தானாக, முயற்சி எதுவும் இல்லாமல், சில மாதத்தில் உடம்பு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அதுவே ஒரு அறிகுறி. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "எல்லாந்தான்" என்றது. நேத்து காலையில் என்ன, மத்தியானம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் வந்தது: காலையில் பன்னும் டீயும், மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. பருப்பு இல்லை, முட்டை இல்லை, சுண்டல் இல்லை. கீழ்ப் பல் வரிசை ஆடி, மெல்ல முடியவில்லை. வீட்டில் தன் மருமகளிடம் சொல்ல ஆயாவுக்குக் கூச்சம்.

மருமகள் (என்னுடையவள்) வந்து ஆயாவின் கெண்டைக்காலை அளந்தாள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டர் இருக்க வேண்டுமாம், 29 இருந்தது. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். பன்னிரண்டு நொடிக்குள் முடிந்தால் நல்லது. ஆயா மூன்றாவது தடவையிலேயே நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டது. எடை போட்டால் பி.எம்.ஐ. 20, அதாவது "நார்மல்". பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். சர்க்கரை, தைராய்டு எல்லாமும் பார்த்தாகிவிட்டது. இப்போதைக்கு வேகவைத்த முட்டையை மசித்தும், பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்தும் கொடுக்கிறார்கள். ஜாக்கெட்டை நான் பிடித்துத்தான் கொடுத்தேன், ஆனால் உள்ளே துணியை வெட்டவில்லை.

டேப்பின் பெருமையை இவ்வளவு பேசிவிட்டு, அது தோற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் மருமகளின் குழுவோடு ஏற்காட்டுக்குப் போனேன், இருபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே ஏறினேன். ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மேல்கையைச் சுற்றுகிற ஒரு சின்ன டேப் வைத்திருந்தார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை; எண் படிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. பெண்களை அளக்கும் வேலை எனக்கு. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு இன்ச் இடுப்பு! மேட்டிலும் பள்ளத்திலும் காப்பி மூட்டை சுமந்து நடக்கிற உடம்பு. சேலத்தில் இப்படி அளவு எழுதிப் பல காலம் ஆயிற்று. எல்லோருமே ஆரோக்கியம் என்று எழுதிவிடலாம் போலிருந்தது.

அடுத்த மேசையில் விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 வேண்டும். பலர் அதைத் தொடவில்லை. நான் மனசுக்குள் பாராட்டிக்கொண்டே அளந்த ஒருத்திக்கு 8.4. கீழ் இமையை இழுத்துக் காட்டினாள் மருமகள், உள்ளே வெள்ளைத் துணி நிறம். மூச்சு வாங்குதா என்று கேட்டால், "மலை ஏறுனா எல்லாருக்கும் வாங்கும்ங்க" என்கிறாள்.

கிராம செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பெயரைக் குறித்துக்கொண்டார். சாப்பாட்டோடு காப்பி, டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது என்றும் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"காப்பித் தோட்டத்துல இருந்துக்கிட்டுக் காப்பி குடிக்காதேன்னா எப்படிங்க?"

"குடிங்க," என்றாள் மருமகள். "சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணி."

"அப்ப சரிங்க" என்று மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, போகிற போக்கில் என்னிடம் திரும்பி, ஜாக்கெட் தைக்க எவ்வளவு வாங்குகிறேன் என்று கேட்டாள்.