மொரிஸ் மைனர் ஆசனத்தின் அடியிலுள்ள இறப்பர் பட்டிகளை மாற்றிய அனுபவம்

தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் ஏ7 வீதியில் வளைவுக்கு வளைவு கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக் காரோட்டும் நிலைக்கு நான் வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. என்னுடையது 1963ஆம் ஆண்டின் இரண்டு கதவு மொரிஸ் மைனர். அதன் 1098 சீசீ இயந்திரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை; ஓட்டுநர் ஆசனம்தான் நாளுக்கு நாள் உள்வாங்கி, பொனட்டின் இடது விளிம்பும் அதற்கப்பால் இருக்கும் வீதியோரக் கானும் கண்ணுக்கே தெரியாமல் போயின. ஸ்பொஞ்ச் நசிந்துவிட்டதென்று நானாகவே முடிவுகட்டி ஒரு தலையணையைப் போட்டேன். தலையணையும் சேர்ந்து அமிழ்ந்தது.

பாடசாலை விடுமுறையில் ஆசனத்தைக் கழற்ற முனைந்தேன். துருவேறி இறுகியிருந்த நட்டுகள் ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறிய பின்பே அசைந்தன. ஆசனத்தைக் கவிழ்த்ததும் காரணம் விளங்கியது: இரும்புச் சட்டத்தின் குறுக்கே கொக்கிகளில் மாட்டியிருந்த ஏழு இறப்பர் பட்டிகளில் இரண்டு அறுந்து தொங்கின, மற்றவை விரலால் வளைத்தவுடன் வெடித்துக் கறுப்புத் தூளாக உதிர்ந்தன. இழுபட்ட நிலையிலேயே இருக்கும் இறப்பரைக் காற்றிலுள்ள ஓசோன் குறுக்குவாட்டில் வெடிக்கச் செய்யும். மேலே புது ஸ்பொஞ்ச் வைத்தாலும் அடியில் தாங்க ஒன்றுமில்லை.

இங்கே நான் ஒரு கஞ்சத்தனம் செய்தேன். பழைய லொறி டியூப் ஒன்றைப் பட்டிகளாக வெட்டி மாட்டினேன். முதல் வாரம் அரியாசனத்தில் இருப்பதுபோல் இருந்தது. மூன்றாம் வாரம் பழைய குழியே திரும்பி வந்துவிட்டது. ஹட்டனில் குஷன் வேலை செய்யும் பாஸ் அதைப் பார்த்துச் சிரித்தார். "சேர், டியூப் காத்தப் புடிச்சு வச்சிருக்கும், ஆளப் புடிச்சு வச்சிருக்காது" என்றார். அவர் சொன்னது சரிதான். டியூப்களில் பெரும்பாலும் பயன்படும் பியூட்டைல் இறப்பர் காற்றைக் கசியவிடாது, ஆனால் தொடர்ந்து பாரம் ஏற்றினால் மெல்ல மெல்ல நீண்டு, பழைய அளவுக்கு மீளாது.

உள்ளே நூலிழை வைத்த இரண்டு அங்குல இறப்பர் பட்டியைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிவந்தேன். பாஸ் சட்டத்தைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு அடித்தார். ஈரம் குறையாத இந்த ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. பழைய கொக்கிகளையே நிமிர்த்தி எடுத்துக்கொண்டார். அதன்பின் அவர் பட்டியின்மேல் சுண்ணக்கட்டியால் பத்து அங்குல இடைவெளியில் இரண்டு கோடுகள் கிழித்து, ஒரு முனையைக் காலால் மிதித்து மறுமுனையை இழுத்தார். கோடுகளின் இடைவெளி பதினொரு அங்குலமானதும் "இவ்வளவுதான் இழுவை" என்றார். அந்தக் கணக்கில், துளைக்குத் துளை 16 அங்குலம் இருந்த சட்டத்துக்குக் கொக்கிகளோடு 14½ அங்குலமாகப் பட்டிகளை வெட்டினோம். இன்னும் இறுக்கினால் நல்லதுதானே என்று கேட்டேன். ஆசனம் பலகைபோலாகி, பட்டியும் சீக்கிரம் அறும் என்று மறுத்துவிட்டார்.

நடுப்பட்டியை முதலில் மாட்டி, இருபுறமும் மாறி மாறி வெளிநோக்கிச் சென்றால் சட்டம் ஒரு பக்கமாக இழுபடாது. கொக்கிகளின் கூர்முனைகளைக் கீழ்நோக்கித் திருப்பி, பட்டிகளுக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையே தேயிலைச் சாக்குத் துணியொன்றை விரித்தோம். நான் தூக்கியெறிய இருந்த பழைய ஸ்பொஞ்சே போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழியில் பொனட்டின் இடது விளிம்பு முழுதாகத் தெரிந்தது. பக்கத்து ஆசனத்தில், இன்னும் மாற்றாத பழைய பட்டிகளின்மேல் அமர்ந்திருந்த என் மனைவி சென்ட் கிளயர் நீர்வீழ்ச்சி வரும்வரை பொறுத்திருந்து, "நீங்க மேல ஏறிட்டீங்க, நான் மட்டும் குழிக்குள்ளயா?" என்று கேட்டார். மீதிப் பட்டியை மறுவாரமே ஹட்டனுக்கு எடுத்துச் சென்றேன்.