அம்மாவின் ரொட்டியும் சாயத் தண்ணீரும்

இலங்கையின் தேயிலை மலையகத்துத் தலவாக்கலையில் விடியற்காலையிலிருந்தே மழை. அம்மா கோதுமை மா ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டு முடித்த கையோடு, சாயத் தண்ணீர் என்று நாங்கள் சொல்லும் பாலில்லாத தேநீர்க் கோப்பையை எடுத்தார்.

"ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்களேன், அம்மா."

"மலையில் கொழுந்தெடுத்த நாளில் இதையெல்லாம் யார் பார்த்தது?"

பார்க்கவில்லை என்பதுதான் என் வேதனை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியே பெரும்பாலும் உறிஞ்சுகிறது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் அதைப் பிடித்துக்கொண்டால், உண்ட சத்தில் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே போய்விடும். கொழுந்தெடுக்கும் பெண்கள் எத்தனை பேர் இரத்தச்சோகையோடு மலையேறுகிறார்கள்! சம்பலில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால்கூட இரும்பு நன்றாகச் சேரும்.

வெள்ளை மாவில் நாரும் குறைவு. பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணங்கிகளுக்கு நார்தான் சாப்பாடு. அதைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலமே பெருங்குடற்சுவரின் கலங்களுக்கு முக்கிய எரிபொருள். நாம் பட்டினி போடுவது அவற்றையும்தான்.

நாங்கள் வாழும் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் வல்லாரைக் கீரை நட்டிருக்கிறேன், வேர் பிடித்துவிட்டது. நாளைக் காலை குரக்கன் (கேழ்வரகு) மா கலந்த ரொட்டி. அம்மா சம்மதித்துவிட்டார்.