கட்டில் எண் 4: குழந்தைகள் ஐ.சி.யு. நாட்குறிப்பு

ஆகஸ்ட் 25

ஒன்பது வயசுப் பெண். தரையில் பாய் விரித்துப் படுத்தவள், விடியற்காலையில் வயிற்று வலி என்று அழுதிருக்கிறாள். பக்கத்துக் கிளினிக்கில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இமை சொருகத் தொடங்கிய பிறகுதான் கட்டுவிரியன் என்று உறைத்தது. 108-ல் வரும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. கூட வந்தவர் வழி முழுக்க ஆம்பு பையை, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையை, அழுத்தியிருக்கிறார். விரலை விரிக்க முடியாமல் நின்றார். வென்டிலேட்டர் தயாராகும்வரை நான் வாங்கிக்கொண்டேன். மூன்று நொடிக்கு ஒரு அழுத்தம், நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு.

ஆகஸ்ட் 26

விஷமுறிவு மருந்து ஏறிவிட்டது. ஆனால் இந்த விஷம் நரம்பு நுனியையே சிதைத்துவிடும். அது மறுபடி துளிர்க்க நாளாகும். அதுவரை மூச்சு மிஷின்தான்.

அசைய முடியாதே தவிர, எல்லாம் அவள் காதில் விழும். கட்டிலருகே நின்று “பிழைக்குமா?” என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இமையை விரலால் தூக்கி, “அக்கா வந்திருக்கேன்டா. மணி ஆறு. அம்மா வெளியிலதான் இருக்காங்க” என்றேன். கண்ணோரம் நீர் கோத்தது. இனி மணிக்கொரு தரம் மணி சொல்லப்போகிறேன்.

ஆகஸ்ட் 27

இந்தத் தேதியை நான் மறப்பதில்லை. 1952-ல் இதே நாள், கோபன்ஹேகனின் பிளெக்தாம் மருத்துவமனை. போலியோவில் மூச்சுத் தசை செயலிழந்த 12 வயதுச் சிறுமி. மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிடச் சொல்லி, குழாய் விட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தினார். பிழைத்தாள். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் அங்கே இப்படி வந்த 31 பேரில் 27 பேர் இறந்திருந்தார்கள். உடலை உள்ளே வைத்து மூச்சு விடவைக்கும் பெரிய மிஷின், ‘இரும்பு நுரையீரல்’, ஒன்றே ஒன்றுதான். அதனால் சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு, மாதக்கணக்கில் அழுத்தினார்கள். அந்த விரல்கள் எப்படிக் கடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

1955-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் கோரன் ஹாக்லண்ட் குழந்தைகளுக்கென்றே தனி ஐ.சி.யு. தொடங்கினார். ஆம்பு பையும் 1956-ல் டென்மார்க்கிலிருந்து வந்ததுதான்.

ஆகஸ்ட் 30

வலது கட்டைவிரல் அசைந்தது! அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

செப்டம்பர் 1

குழாய் எடுத்தாயிற்று. குரல் கரகரவென்று இருக்கிறது.

“மணி சொன்னது நீங்களா அக்கா?”

“ஆமாடா.”

“இப்ப மணி என்ன?”

பத்தே கால்.